அனுமதி கேட்கும்போது வண்டியைப் பற்றி முதலில் பேசுங்கள்

கேள்வி: கனடாவில் எட்மண்டனில் வசிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து, வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்கிறேன். போன வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருவர் தனக்குத் தெரிந்த பண்ணைக்கு வாத்து வேட்டைக்கு அழைத்துப் போனார். இப்போது அவர் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். டோஃபீல்டு பக்கம் அறுத்த வயல்களில் கனடா வாத்து கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்த்து, செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து நண்பர்கள் மூவருடன் போய், இரவு எட்டு மணிவாக்கில் மூன்று வீடுகளில் கேட்டேன். இரண்டு வீட்டில் முடியாது என்றார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. பலகை எதுவும் இல்லாத வயலில் இறங்கலாமா? காசு கொடுத்துக் கேட்டால் விடுவார்களா? என் நிறமும் பேச்சும்தான் காரணமோ என்றும் ஓர் எண்ணம். பதின்மூன்று வயது மகனும் கூட வர ஆசைப்படுகிறான். வழி சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. பலகை இல்லை என்பதற்காக வயலில் இறங்கக் கூடாது. ஆல்பர்ட்டாவில் பயிர் செய்யும் நிலத்துக்கும் வேலி போட்ட நிலத்துக்கும் 'உள்ளே வராதீர்கள்' என்று எழுதி வைக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. அனுமதி இல்லாமல் கால் வைத்தால் அத்துமீறல்தான். முதல் முறைக்கே 10,000 டாலர் வரை அபராதம் வரலாம், மறுபடி மாட்டினால் 25,000 வரை போகும். காசும் வேண்டாம். வேட்டைக்காக நிலத்துக்குள் விடுவதற்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் இந்த மாகாணத்தில் குற்றம். நீங்கள் நல்லெண்ணத்தில் நூறு டாலரை நீட்டினாலும், அந்த விவசாயியையும் சேர்த்து வம்பில் இழுத்துவிடுவீர்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த நிமிடமே கதவைச் சாத்திவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பயிர் ஆலோசகர். விதை, உரம், நோய் என்று விவசாயிகளின் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பேச்சில் வேட்டைக்காரர்களும் வந்துவிடுவார்கள். அவர்கள் குறை சொல்லும்போது கவனித்திருக்கிறேன், துப்பாக்கியைப் பற்றிய புகார் அரிது. வாத்து சுடுவதில் பலருக்கும் சந்தோஷமே. அறுத்து வரிசையாகப் போட்டுவைத்த பார்லியில் ஒரு கூட்டம் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதித்தும் எச்சமிட்டும் கெடுப்பது அதைவிட அதிகம். அவர்களுக்குப் பயம் எல்லாம் உங்கள் வண்டியின் மேல்தான். முன்பின் தெரியாத ஒருவர் விடியற்காலை இருட்டில் பிக்கப்பை எங்கே ஓட்டிக்கொண்டு போவாரோ என்ற கவலையில்தான் 'முடியாது' என்ற பதில் வருகிறது.

இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலோர் நிலத்தை உழுவதில்லை. போன பயிரின் தாள் நிற்கும்போதே அதற்குள் நேரடியாக விதைக்கிறார்கள். ஈரமான செப்டம்பரில் ஒரு பிக்கப் உள்ளே போய்த் திரும்பினால், முழங்கை ஆழத்துக்கு இரண்டு கோடு விழுந்துவிடும். உழவு இல்லாத நிலத்தில் அந்தக் கோடு தானாக மறையாது. அடுத்த மே மாதம் விதைக்கும் மெஷின் அதன் மேல் ஏறி இறங்கும். இங்கே எண்ணெய்க்காக விளைவிக்கும் கனோலாவின் விதை கிட்டத்தட்ட நம் கடுகு அளவுதான். அது அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் விழ வேண்டும். பள்ளம் இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் விதை மண்ணின் மேலேயே கிடக்கும், மறு பக்கம் ஆழத்தில் புதைந்துவிடும். நீங்கள் ஒரு காலைப்பொழுது இருந்துவிட்டுப் போன தடத்தை அவர் ஜூலை வரை டிராக்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைவிடப் பெரிய பயம் கிளப்ரூட். கனோலா வேரைத் தாக்கும் நோய் இது. 2003இல் ஆல்பர்ட்டாவின் கனோலா வயல்களில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது எட்மண்டனுக்குப் பக்கத்தில்தான், அதாவது நீங்கள் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் வட்டாரம். பாதித்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால், மெல்லிய வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்குபோல் முண்டும் முடிச்சுமாக வீங்கிக் கிடக்கும். தண்ணீர் மேலே ஏறாமல் செடி வாடிவிடும். அதன் வித்து மண்ணில் பல வருஷம் உயிரோடு இருக்கும், மண்ணோடு மண்ணாக ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகும். உங்கள் டயரின் இடுக்கில், மட்கார்டின் உள்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு கைப்பிடி மண் போதும். நேற்று எந்த வயலில் நின்றீர்கள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் எல்லாருக்கும் இருக்காது, 'முடியாது' என்பது சுலபம்.

மூன்றாவது, தீ. காய்ந்த தாளின் மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தினால் பற்றிக்கொள்ளும். காற்று அடிக்கும் நாளில் ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர், எரிந்து முடிக்க அதிக நேரம் ஆகாது.

இதனால்தான் சொல்கிறேன், அவர் கேட்பதற்கு முன்பே வண்டியைப் பற்றி நீங்கள் பேசிவிட வேண்டும். கதவு திறந்ததும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "என் பெயர் இன்னது, எட்மண்டனில் இருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கும் பார்லி வயலில் நேற்று மாலை வாத்து இறங்கியதைப் பார்த்தேன். அது உங்கள் நிலம்தானா? சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேர் அங்கே வேட்டையாட அனுமதி கேட்க வந்தேன். வண்டி ரோட்டிலேயே நிற்கும், சாமான்களைக் கையால் இழுத்துக்கொண்டு நடந்து போவோம். பள்ளம் தோண்ட மாட்டோம். பத்து மணிக்குள் கிளம்பிவிடுவோம்." இவ்வளவுதான். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள். 'வண்டி ரோட்டிலேயே' என்ற இடம் வரும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். பலருக்கு அங்கேயே மனம் இளகும். சிலர் அவர்களாகவே, "நிலம் காய்ந்துதான் இருக்கிறது, ஓரமாக இறக்கிக்கொள்" என்பார்கள். அப்படிச் சொன்னாலும், முதல் தடவை நடந்தே போங்கள். நவம்பரில் மண் உறைந்த பிறகு வண்டியை உள்ளே விடுவதைப் பற்றி அவரே பேச்செடுப்பார்.

நடந்து போவது என்றால் சுமை அதிகம்தான். அதற்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் கூட்டத்தை ஏமாற்றி இறக்க வயலில் வைக்கும் பொம்மை வாத்துகள் நாலு டஜனுக்குப் பதில் ஒன்றரை டஜன், படுத்து மறைந்துகொள்ளும் பிளைண்ட் ஆளுக்கு ஒன்று, இழுக்க ஒரு சறுக்குத் தட்டு. நேற்று மாலை வாத்து மேய்ந்த அதே இடத்தில் படுத்தால் இவ்வளவே போதும். இடம் தவறினால் பத்து டஜன் வைத்தாலும் தலைக்கு மேலே பறந்து போய்விடும்.

இனி நேரம். நீங்கள் போனது செப்டம்பர் கடைசி வாரம், இரவு எட்டு மணி. அறுப்பின் உச்சகட்டம் அது. காலையில் பனி காய்ந்ததும் கம்பைன் என்ற அறுவடை மெஷினில் ஏறி, இரவு பத்து பதினொன்று வரை இறங்காமல் ஓட்டுகிறவர்கள். மழை வருமா, உறைபனி விழுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. அந்த இருட்டில், நாலு ஆண்கள் வாசலில் நின்றால் உள்ளே இருக்கும் பெண்மணி கதவைத் திறக்காமல் இருந்ததில் வியப்பே இல்லை. எனக்கும் திறக்கத் தோன்றாது.

கேட்கச் சிறந்த மாதம் ஜூலை. வைக்கோல் வேலை இருக்கும், ஆனாலும் நின்று பேச நேரம் இருக்கும். அப்போது வாத்தைப் பற்றி இல்லாமல் ஆளைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் யார், எங்கே வேலை, எந்த வண்டி. அந்தச் சந்திப்பில் நேரடியாக "செப்டம்பரில் வாத்து இறங்கினால் உங்களுக்கு போன் பண்ணிக் கேட்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள். இதற்கு முடியாது என்பவர்கள் குறைவு. அந்தக் காலம் தாண்டிவிட்டது என்றால், மழை பெய்து கம்பைன் நிற்கும் நாளைப் பிடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கம்பைனை மட்டும் கையைக் காட்டி நிறுத்தாதீர்கள். பகலில், சாதாரண உடையில், ஒருவர் மட்டும் போங்கள், அல்லது மகனை அழைத்துப் போங்கள். துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். பண்ணை வீட்டில் நாய் இருக்கும், அது குரைத்து ஆள் வெளியே வரும் வரை காரின் பக்கத்திலேயே நில்லுங்கள்.

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு சிக்கல். வயலுக்கு எதிரே இருக்கும் வீடு அந்த வயலுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் தட்டிய வீடுகளில் ஒன்றாவது அப்படி இருந்திருக்கலாம். வயலோரம் போகும் டவுன்ஷிப் ரோடு, ரேஞ்ச் ரோடு என்ற கிராமச் சாலைகளின் எண்களைக் குறித்துக்கொண்டு கவுன்ட்டி அலுவலகத்தில் விற்கும் நில உரிமை வரைபடத்தைப் பாருங்கள். ஐஹன்டர் செயலியிலும் அந்த விவரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், ஆனால் பயிர் செய்வது குத்தகைக்கு எடுத்த இன்னொருவராக இருப்பார். அந்தக் குத்தகைக்காரரைத்தான் நீங்கள் தேடிப் போக வேண்டும், ஏனென்றால் பள்ளம் விழுந்தால் நஷ்டம் அவருக்கு. ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் காலனி நிலம் என்றால் காலனிக்குள் போய் வயல் வேலையைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அவர்கள் சமூகமாக வாழ்கிறவர்கள், வழிபாட்டு நாளில் இந்தப் பேச்சோடு போவது மரியாதை இல்லை.

எந்த வயல் என்று தேர்ந்தெடுப்பதும் கேட்பதில் ஒரு பகுதி. பார்லி, கோதுமை, பட்டாணி அறுத்த வயலில்தான் கம்பைன் சிந்திய மணிக்கு வாத்து வரும். கனோலா அறுத்த வயலைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இரவில் வாத்து தங்கும் ஏரியையோ குட்டையையோ தொடவே வேண்டாம். தங்கும் நீரில் சுட்டால் கூட்டம் முழுக்க அந்த வட்டாரத்தை விட்டே போய்விடும், உங்களுக்கும் இல்லை, பக்கத்தில் அனுமதி வாங்கிய மற்றவர்களுக்கும் இல்லை. அந்த விஷயம் ஊரில் சீக்கிரம் பரவும்.

நிறம், பேச்சு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை என்று ஆறுதலுக்காகச் சொல்ல மாட்டேன். கதவைத் திறந்ததும் முகம் மாறும் வீடுகள் இருக்கின்றன. அந்த வாசலில் நின்று வாதாட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். ஆனால் அந்த இரவில் அந்த நேரத்தில் போயிருந்தால், ஐந்து தலைமுறையாக இங்கே இருப்பவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். ஒரு முறை பகலில் போய்ப் பார்க்காமல் காரணத்தை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மிடம் பேச ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. இவர்கள் விளைவிக்கும் மஞ்சள் பட்டாணியை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டபோது இங்கே விலை எப்படி விழுந்தது என்பதை ஒவ்வொரு பட்டாணி விவசாயியும் நினைவு வைத்திருக்கிறார். கடற்கரையில் விற்கும் பட்டாணி சுண்டலைப் பற்றிச் சொல்லுங்கள். தான் லாரியில் ஏற்றி அனுப்பும் பயறு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று கேட்பதில் அவர்களுக்கு உண்மையான ஆர்வம் உண்டு. அனுமதிக்காகப் போட்ட தூண்டிலாக இல்லாமல், மனசாரப் பேசுங்கள். நம் ஊரில் காட்டுப் பறவை வேட்டைக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது, அதனால் இப்படி ஒருவர் வாசலில் போய்க் கேட்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். தயக்கம் இருப்பது இயல்புதான்.

'சரி' என்று சொல்லிவிட்டார் என்று வையுங்கள். அங்கேயே நாலு விஷயம் கேட்டுவிடுங்கள். அந்த வயலின் எல்லை எது, மாடு எங்கே மேய்கிறது, நாளைக் காலை அங்கே அவருக்கு ஏதாவது வேலை இருக்கிறதா, வேறு யாருக்காவது அனுமதி கொடுத்திருக்கிறாரா. ஒரு சீட்டில் உங்கள் பெயர், போன் எண், வண்டி எண், வரும் தேதி, எத்தனை பேர் என்று எழுதி அவரிடம் கொடுங்கள். காலை ஐந்து மணிக்கு ரோட்டில் விளக்கு தெரிந்தால் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவர் பதிலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அதிகாரி வந்து கேட்டால் காட்டலாம். சனிக்கிழமைக்கு என்று கொடுத்த அனுமதி ஞாயிற்றுக்கிழமைக்குச் செல்லாது. இரண்டு பேர் என்றால் இரண்டு பேர்தான். ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 183 மீட்டருக்குள் சுடக் கூடாது என்பது சட்டம், அவர் வீட்டிலிருந்து அதைவிட நன்றாகத் தள்ளியே படுங்கள்.

பலரும் மறக்கும் ஒன்று பக்கத்து நிலம். அடிபட்ட வாத்து சில நேரம் கால் மைல் சறுக்கிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழும். சுட்ட பறவையை எடுக்க உடனே முயற்சி செய்ய வேண்டும் என்கிறது மத்திய அரசின் விதி. அனுமதி இல்லாமல் வேலி தாண்டக் கூடாது என்கிறது மாகாணச் சட்டம். விடிந்த பிறகு வேலியோரம் நின்று தவிப்பதைவிட, முந்தின நாளே "இந்தப் பக்கத்து நிலம் யாருடையது, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் இவரே போனை எடுத்து அவருக்குச் சொல்லிவிடுவார். அடுத்த வாரம் நீங்கள் கேட்கக்கூடிய இரண்டாவது வயலும் அப்படித்தான் கிடைக்கும்.

வேட்டை முடிந்ததும் காலி தோட்டாவை எல்லாம் பொறுக்குங்கள், முன்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து. அந்த வயலிலோ ரோட்டோரப் பள்ளத்திலோ பறவையைச் சுத்தம் செய்து இறகையும் குடலையும் போடாதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பூட்ஸையும் டயரையும் மண் போகக் கழுவுங்கள், அடுத்த வயலுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. பகலில் போன் செய்து எத்தனை கிடைத்தது என்று சொல்லி நன்றி சொல்லுங்கள்.

காசுதான் கூடாது, நன்றிக்குத் தடையில்லை. அனுமதிக்கு விலையாக முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல், பிறகு மனதாரக் கொடுப்பது வேறு. வாத்து இறைச்சியில் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுங்கள், காரம் மட்டும் குறைவாக. சமைக்காத பறவையைக் கொடுத்தால் உங்கள் பெயர், பர்மிட் எண் முதலான விவரம் எழுதிய சீட்டை அதோடு சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புங்கள். வசந்தத்தில் அவர் வயலோர வேலியைச் சரிசெய்யும் சனிக்கிழமை ஒன்றில் கூட நிற்க முடியுமானால் இன்னும் நல்லது.

எல்லா வீட்டிலும் மறுத்துவிட்டார்கள் என்றாலும் இந்த சீசன் வீண் இல்லை. ஆல்பர்ட்டா கன்சர்வேஷன் அசோசியேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கும் இடங்கள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றில் நடந்து போய் வேட்டையாடலாம். அவர்களுடைய டிஸ்கவர் கையேட்டில் எந்த இடம், என்ன அனுமதி என்று விவரம் இருக்கும். மறுத்த விவசாயியிடமும் "பரவாயில்லை, அடுத்த வருஷம் ஒரு தடவை கேட்கலாமா?" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுப்பு பெரும்பாலும் அந்த வாரத்துக்கு உரியது.

மகனைப் பற்றி. கேட்கப் போகும்போதே அவனை அழைத்துப் போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், எண்ணிக்கையில் அவனையும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்பாக்கி இல்லாமல் பார்க்க மட்டும் வருவதானாலும் நிலத்துக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதல் சீசனில் அவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். முந்தின மாலை ரோட்டில் காரில் இருந்தபடி பைனாகுலரில் வாத்து எந்த மூலையில் இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துவைப்பது. அந்தக் குறிப்பை வைத்துத்தான் நீங்கள் மறுநாள் கதவைத் தட்டப் போகிறீர்கள்.